மினமாட்டா ஒளிப்படங்கள்

மினமாட்டா ஒளிப்படங்கள் என்பவை, ஜப்பானின் கியூஷூ தீவில் உள்ள மினமாட்டா நகரில் தொழிற்சாலைக் கழிவுநீரால் ஏற்பட்ட பாதரச நஞ்சேற்றத்தையும் அதனால் பாதிக்கப்பட்ட மக்களின் வாழ்க்கையையும் பதிவு செய்த ஒளிப்படத் தொகுதிகள் ஆகும். ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் குவபரா ஷிசெய் 1960ஆம் ஆண்டில் இப்பணியைத் தொடங்கினார். அமெரிக்க ஒளிப்பட இதழியலாளர் வில்லியம் யூஜின் சிமித்தும் அவர் மனைவி ஐலீன் மியோக்கோ சிமித்தும் 1971 முதல் 1974 வரை அந்நகரில் தங்கி எடுத்த படங்கள் இவற்றுள் உலகளவில் பெரிதும் அறியப்பட்டவை.

சுற்றுச்சூழல் மாசு குறித்த ஒளிப்படவியலின் முன்னோடிப் பணிகளுள் ஒன்றாக இப்படங்கள் கருதப்படுகின்றன. நீரில் கரைந்திருந்த நஞ்சுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. ஆகவே, படம் எடுக்கவே இயலாத ஒரு பொருளைப் படத்தின் மூலம் எவ்வாறு காட்டுவது என்பது இக்கலைஞர்கள் எதிர்கொண்ட முதன்மைச் சிக்கலாக இருந்தது. படம் எடுக்கப்பட்டவர்கள் அதற்காக எதை இழக்க நேர்ந்தது என்ற வினாவும் இப்படங்களோடு இன்றுவரை தொடர்கிறது.

(இக்கட்டுரையில் ஜப்பானியப் பெயர்கள் அந்நாட்டு வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னாக எழுதப்பட்டுள்ளன.)

பின்னணி

மினமாட்டா, குமமோட்டோ மாகாணத்தில் ஷிரனுயி கடலை ஒட்டி அமைந்த சிறு நகரம் ஆகும். 1908ஆம் ஆண்டில் இங்கு வேதித் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. பிற்காலத்தில் சிஸ்ஸோ என்ற பெயரால் அறியப்பட்ட அந்நிறுவனம் மினமாட்டாவின் முதன்மையான வேலை வழங்குநராகவும், நகராட்சி வருவாயின் பெரும்பகுதிக்கு ஆதாரமாகவும் விளங்கியது. நகரை ஒட்டிய கடற்கரைச் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் மீனவர்கள். இவர்களுக்கு மீனே தொழிலும் அன்றாட உணவுமாக இருந்தது.

1932 முதல் இத்தொழிற்சாலையில் அசிட்டால்டிகைடு உற்பத்தி செய்யப்பட்டது. நெகிழிப் பொருட்கள் உள்ளிட்ட பலவற்றின் தயாரிப்புக்கு இது தேவைப்பட்டது. இவ்வினையில் வினையூக்கியாகப் பாதரச சல்பேட்டு பயன்பட்டது. வினையின்போது துணைவிளைபொருளாக மெத்தில் பாதரசம் என்ற கரிமச் சேர்மம் உருவாகி, கழிவுநீருடன் ஹியக்கென் துறைமுகப் பகுதியில் கடலில் கலந்தது. 1968 மே மாதத்தில் இவ்வுற்பத்தி நிறுத்தப்படும் வரை கழிவு கலப்பது தொடர்ந்தது.

மெத்தில் பாதரசம் உயிரினங்களின் உடலில் எளிதில் சேர்ந்து மெதுவாகவே வெளியேறும் இயல்புடையது. மிதவை உயிரிகளில் சேரும் சிறு அளவு, அவற்றை உண்ணும் சிறு மீன்களிலும், பின்னர் பெரிய மீன்களிலும், இறுதியில் மனிதரிலும் படிப்படியாகச் செறிவடைகிறது. இது உயிரியல் உருப்பெருக்கம் எனப்படும். குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பைக் கடந்து மூளையைத் தாக்கும் இச்சேர்மம், நஞ்சுக்கொடி வழியாகக் கருவையும் சென்றடைகிறது. மினமாட்டா நோயாளி ஒருவரின் தலைமயிரில் மில்லியனில் 705 பங்கு பாதரசம் அளவிடப்பட்டது.

நோயின் அறிகுறிகள் முதலில் விலங்குகளிடம் தென்பட்டன. கடற்கரைச் சிற்றூர்களில் பூனைகள் வலிப்பு கண்டு சுழன்று ஆடிக் கடலில் விழுந்து இறந்தன. பூனைகள் அற்றுப்போனதால் எலிகள் பெருகிவிட்டன என்ற முறையீட்டை 1954இல் உள்ளூர் நாளிதழ் ஒன்று வெளியிட்டது. 1956 ஏப்ரலில், கடலோர வீடு ஒன்றைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுமி நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் தொழிற்சாலை மருத்துவமனைக்குக் கொண்டு வரப்பட்டாள். சில நாட்களில் அவளுடைய தங்கைக்கும் அதே நிலை ஏற்பட்டது. அம்மருத்துவமனையின் தலைவர் ஹொசொகவா ஹஜிமெ, 1956 மே 1 அன்று காரணம் அறியப்படாத நரம்பு நோய் ஒன்று பரவுவதாகப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். இந்நாளே மினமாட்டா நோயின் அலுவல்முறைக் கண்டுபிடிப்பு நாளாகக் கொள்ளப்படுகிறது.

மறைக்கப்பட்ட மாசு

மினமாட்டாவில் மாசு மறைந்திருந்தமைக்கு அதன் வேதியியல் இயல்பு மட்டும் காரணமன்று. வேறு மூன்று காரணங்களும் இருந்தன.

முதலாவது, நிறுவனத்தின் மறைப்பு. 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக்குழு கரிமப் பாதரசமே நோய்க்குக் காரணம் என்ற முடிவை வெளியிட்டது. அதே ஆண்டில் ஹொசொகவா தம் ஆய்வில், அசிட்டால்டிகைடு பிரிவின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்து வந்தார். 'பூனை எண் 400' என்று குறிக்கப்பட்ட அவ்விலங்கு அக்டோபரில் நோயின் அறிகுறிகளைக் காட்டியது. நிறுவனம் அவ்வாய்வைத் தொடரவிடாமல் நிறுத்தியதுடன் முடிவையும் வெளியிடவில்லை. 1970இல் ஹொசொகவா மரணப் படுக்கையில் இருந்தபடி அளித்த சாட்சியத்தின் மூலமே இது உறுதியானது. 1959 டிசம்பரில் கழிவுநீர்த் தூய்மிப்புக் கருவி ஒன்று ஆரவாரத்துடன் நிறுவப்பட்டது. ஆனால் அது கரிமப் பாதரசத்தை அகற்றவல்லதாக இருக்கவில்லை.

இரண்டாவது, அரசின் காலதாமதம். நோய்க்குத் தொழிற்சாலைக் கழிவே காரணம் என்று ஜப்பானிய அரசு 1968 செப்டம்பர் 26 அன்றுதான் அறிவித்தது. அதற்குள் நோய் கண்டறியப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. இடைப்பட்ட காலத்தில், 1965இல், நீகாட்டா மாகாணத்தின் அகானோ ஆற்றுப் படுகையில் வேறொரு நிறுவனத்தின் கழிவால் இதே நோய் இரண்டாம் முறை வெளிப்பட்டது.

மூன்றாவது, வீடுகளுக்குள் நிலவிய அமைதி. தொடக்கத்தில் இது தொற்றுநோய் எனக் கருதப்பட்டதால் நோயாளிகளின் வீடுகளில் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தார் அவ்வீடுகளுக்குச் செல்வதைத் தவிர்த்தனர். பிள்ளைகளின் திருமணம் தடைப்படும் என்றும், ஊரில் பிடிக்கும் மீன் விலைபோகாது என்றும் அஞ்சிய குடும்பங்கள் நோயை வெளியில் சொல்லவில்லை. தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த நகரத்தார் பலர், இழப்பீடு கேட்ட நோயாளிகளைப் பகைமையுடன் நோக்கினர்.

வீட்டுக்குள் மறைந்திருந்த சான்று ஒன்று பின்னாளில் ஆய்வுக்குப் பெரிதும் உதவியது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் வைத்துப் பாதுகாப்பது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கம். மருத்துவர் ஹரதா மசசுமி முதலானோர் இவ்வாறு பாதுகாக்கப்பட்ட தொப்புள்கொடிகளைத் திரட்டி, அவற்றிலிருந்த மெத்தில் பாதரசத்தை அளந்து, கருவிலேயே நஞ்சேறியதை உறுதிப்படுத்தினர்.

குவபரா ஷிசெய்

குவபரா ஷிசெய் 1936இல் ஷிமானே மாகாணத்தில் பிறந்தவர். ஒளிப்படப் பள்ளியில் பயிற்சி முடித்த ஆண்டான 1960இல், வார இதழ் ஒன்றில் மினமாட்டா நோய் பற்றிய கட்டுரையைப் படித்து, அதையே தம் முதல் பணியாகத் தேர்ந்துகொண்டு மினமாட்டாவுக்குச் சென்றார். நகர மருத்துவமனையின் இயக்குநரிடம் இசைவு பெற்று நோயாளிகளைப் படம் எடுக்கத் தொடங்கிய அவர், பின்னர் மீனவர் வீடுகளுக்கும் படகுகளுக்கும் சென்று படம் எடுத்தார்.

அப்போது நோய் பற்றிய பேச்சு அடங்கிவிட்டிருந்தது. 1959 டிசம்பர் இறுதியில் நிறுவனம் நோயாளிகளுடன் செய்துகொண்ட 'அனுதாபத் தொகை' ஒப்பந்தத்தால் சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே வெளியுலகம் கருதியது. நோயின் காரணம் பின்னர் நிறுவனமே என்று மெய்ப்பிக்கப்பட்டாலும் நோயாளிகள் மேற்கொண்டு இழப்பீடு கோரக்கூடாது என்ற விதி அவ்வொப்பந்தத்தில் இருந்தது. செய்தியாளர்கள் விலகிச் சென்ற இந்த ஆண்டுகளில் எடுக்கப்பட்டவை என்பதே குவபராவின் தொடக்ககாலப் படங்களின் தனிச்சிறப்பு ஆகும்.

1962இல் டோக்கியோவில் அவர் நடத்திய மினமாட்டா நோய்க் கண்காட்சி, ஜப்பான் ஒளிப்படத் திறனாய்வாளர் சங்கத்தின் புதுமுகக் கலைஞர் விருதைப் பெற்றது. 1965இல் 'மினமாட்டா நோய்' என்ற ஒளிப்பட நூல் வெளியானது. பிறகும் பல பத்தாண்டுகளாக அவர் அதே குடும்பங்களைத் தேடிச் சென்று படம் எடுத்து வந்தார். குழந்தையாகப் படம் எடுக்கப்பட்டவர்கள் இளைஞராகி, நடுவயதினராகும் வரையிலான மாற்றம் இப்படங்களில் பதிவாகியுள்ளது.

பிற ஜப்பானியக் கலைஞர்கள்

ஷியோட்டா தகேஷி மாணவராக இருந்தபோது மினமாட்டாவுக்கு வந்து, பின்னர் அங்கேயே குடியேறிப் படம் எடுத்தார். இஷிகவா தகேஷி, சிமித் இணையரின் உதவியாளராக 1971இல் மினமாட்டாவுக்குச் சென்றவர். அவர் தம் சொந்தப் படங்களைத் தொகுத்து 2012இல் நூலாக வெளியிட்டார்.

ஒளிப்படத்துக்கு வெளியேயும் இதே நோக்கில் பணிகள் நடைபெற்றன. மினமாட்டாவில் வாழ்ந்த எழுத்தாளர் இஷிமுரே மிச்சிகோ, நோயாளிகளின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு 1969இல் வெளியிட்ட நூல் ஜப்பானியர் பலரின் மனத்தை மாற்றியது. சுச்சிமொட்டோ நொரியாக்கி 1971இல் மினமாட்டா நோயாளிகளைப் பற்றிய முழுநீள ஆவணப்படத்தை இயக்கினார்.

சிமித் இணையர்

யூஜின் சிமித்

யூஜின் சிமித் (1918–1978) அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் போர்முனையைப் படம் எடுத்த அவர், 1945இல் ஒக்கினாவாவில் குண்டுச் சிதறல்களால் படுகாயமடைந்தார். 'லைப்' இதழில் அவர் வெளியிட்ட 'நாட்டுப்புற மருத்துவர்' (1948), 'எசுப்பானியச் சிற்றூர்' (1951) ஆகிய ஒளிப்படக் கட்டுரைகள் அத்துறையில் முன்மாதிரிகளாகப் போற்றப்படுகின்றன.

ஐலீன் 1950இல் டோக்கியோவில் ஜப்பானியத் தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்தவர். இருவரும் 1971இல் திருமணம் செய்துகொண்டு மினமாட்டாவுக்குச் சென்றனர். மூன்று மாதங்கள் தங்குவதாகத் தொடங்கிய பயணம் மூன்று ஆண்டுகளாக நீண்டது. சிமித்துக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஐலீன் மொழிபெயர்ப்பாளராகவும் நோயாளிக் குடும்பங்களுக்கும் சிமித்துக்கும் இடையே உறவுப் பாலமாகவும் இருந்ததோடு, தாமும் படங்கள் எடுத்தார். இறுதி நூல் இருவர் பெயரிலும் வெளியானது.

பணிமுறை

சிமித் இணையர் விடுதியில் தங்காமல், நோயாளிகள் மிகுதியாக இருந்த கடற்கரைப் பகுதியில் வாடகைக்கு வீடு எடுத்து வாழ்ந்தனர். அண்டை வீட்டாராகப் பழகிய பின்னரே அவர்களால் வீடுகளுக்குள் படம் எடுக்க முடிந்தது. நோயாளிகளின் முகங்களும் கைகளும் மட்டுமன்றி, கடலில் மீன் பிடிக்கும் காட்சி, கழிவுநீர் வெளியேறும் வாய்க்கால், இறந்தவர்களின் உருவப்படங்களைக் கையில் ஏந்தி நிற்கும் உறவினர்கள், நிறுவனத் தலைவர்களுடன் நோயாளிகள் நடத்திய நேருக்கு நேர் பேச்சுவார்த்தைகள், நீதிமன்ற நிகழ்வுகள் ஆகியனவும் படமாக்கப்பட்டன.

இப்பரப்பு தற்செயலானதன்று. பாதரசத்தைப் படம் எடுக்க இயலாது. கழிவுக் குழாயின் படத்தைத் தனியே பார்ப்பவருக்கு அது வெறும் குழாய். மீனின் படம் வெறும் மீன். குழாய், கடல், மீன், உணவுத் தட்டு, தாய், குழந்தை என்று படங்களை வரிசையாக அடுக்கும்போதுதான் நஞ்சு சென்ற வழி பார்வையாளருக்குத் தெரிகிறது. தனிப் படத்தைவிடப் படத்தொடருக்கும் அதனுடன் சேர்ந்த எழுத்துக்கும் இத்துறையில் முதன்மை ஏற்பட இது காரணமாயிற்று.

சிமித் கறுப்பு வெள்ளைப் படச்சுருளையே பெரிதும் பயன்படுத்தினார். இருட்டறையில் படங்களை ஆழ்ந்த கருமை தோன்ற அச்சிட்டு, தேவையான இடங்களில் வெளுப்பூட்டும் வேதிப்பொருளைத் தூரிகையால் தடவி ஒளியை மீட்டெடுப்பது அவரது நெடுங்கால வழக்கம். நடுநிலையான பதிவு என்று எதுவும் இல்லை என்பது அவர் கருத்து. தம் மினமாட்டா நூல் சார்பற்ற நூல் அன்று என்பதை அவர் அதன் முன்னுரையிலேயே தெளிவுபடுத்தினார்.

தாக்குதல்

1972 ஜனவரி 7 அன்று, சீபா மாகாணம் இச்சிஹராவில் இருந்த சிஸ்ஸோவின் கோய் தொழிற்சாலைக்கு நோயாளிகள் குழுவொன்று சென்றது. கவமொட்டோ தெருவோ தலைமையில் நிறுவனத்துடன் நேரடிப் பேச்சுவார்த்தை கோரிப் போராடிய குழு அது. அப்போது நிகழ்ந்த தாக்குதலில் சிமித் கடுமையாகக் காயமடைந்தார். அதன்பின் அவரது பார்வை பாதிக்கப்பட்டது. படம் எடுக்க இயலாமல் தவித்த நாட்களிலும் அவர் பணியைக் கைவிடவில்லை. இத்தாக்குதல் தொடர்பாக அவர் வழக்கு எதையும் தொடுக்கவில்லை.

வெளியீடுகள்

1972 ஜூன் 2 நாளிட்ட 'லைப்' இதழில் 'குழாயிலிருந்து வழியும் சாவு' என்னும் பொருள்படும் தலைப்பில் படத்தொடர் வெளியானது. ஜப்பானுக்கு வெளியே மிகப் பலர் மினமாட்டாவைப் பற்றி அறிந்தது இதன் மூலமேயாகும். 1974இல் இப்பணிக்காகச் சிமித்துக்கு இராபர்ட்டு காப்பா தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. 1975இல் 'மினமாட்டா' என்ற நூல் ஆங்கிலத்தில் வெளியானது. ஜப்பானியப் பதிப்பு 1980இல், சிமித்தின் மறைவுக்குப் பின் வந்தது.

நீராட்டும் தாயின் படம்

இத்தொகுதியில் பெரிதும் அறியப்பட்ட படம் 1971 டிசம்பரில் எடுக்கப்பட்டது. கருவிலேயே நஞ்சேறிப் பிறந்த தம் மகளை ஒரு தாய் வீட்டுக் குளியல் தொட்டியில் ஏந்தி நீராட்டும் காட்சி அதில் பதிவாகியுள்ளது. மகளுக்குப் பேசவோ தானாக அசையவோ இயலாது. நாள்தோறும் அவ்வீட்டில் நடந்த செயலே படத்தில் உள்ளது. தம் உடலில் இருந்த நஞ்சை மகள் தன்னுள் வாங்கிக்கொண்டதால்தான் தாமும் பின்னர்ப் பிறந்த பிள்ளைகளும் தப்பியதாகக் கருதிய அத்தாய், அவளைக் குடும்பத்தின் செல்வம் என்று போற்றினார். அம்மகள் 1977இல், தமது 21ஆம் வயதில் இறந்தார்.

அவர் இறந்த பின்னரும் அப்படம் பாடநூல்களிலும் சுவரொட்டிகளிலும் கண்காட்சிகளிலும் தொடர்ந்து இடம்பெற்றது. இத்தனை ஆண்டுகள் உலகின் பார்வையில் இருந்த மகளை இனியாவது ஓய்வெடுக்க விட வேண்டும் என்று பெற்றோர் விரும்பினர். சிமித்தின் மறைவுக்குப் பின் பதிப்புரிமையைப் பெற்றிருந்த ஐலீன், 1998இல் அப்படத்தைப் பயன்படுத்துவது பற்றி முடிவு செய்யும் உரிமையைப் பெற்றோருக்குத் திருப்பி அளித்தார். அதன்பின் நெடுங்காலம் புதிய வெளியீடுகளுக்கு இசைவு வழங்கப்படவில்லை. உலகப் புகழ்பெற்ற ஒளிப்படம் ஒன்று, அதில் இடம்பெற்றவரின் குடும்பத்தாரது விருப்பத்துக்காக இவ்வாறு விலக்கிக்கொள்ளப்பட்டது மிக அரிதான நிகழ்வாகும்.

2020இல் பெர்லின் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'மினமாட்டா' என்ற திரைப்படத்தில் ஜானி டெப் யூஜின் சிமித்தாக நடித்தார். ஆண்ட்ரூ லெவிட்டாசு இதை இயக்கினார். இப்படத்தை எடுத்த காட்சி அத்திரைப்படத்தின் மையமாக அமைந்ததால், மாசைப் பற்றிய நினைவைக் காக்கும் கடமைக்கும் இறந்தவரின் தனிமையைக் காக்கும் கடமைக்கும் இடையிலான வினா மீண்டும் எழுந்தது.

தாக்கம்

1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம், 1969இல் நோயாளிகள் தொடுத்த வழக்கில் நிறுவனத்தின் கவனக்குறைவை உறுதி செய்து தீர்ப்பளித்தது. 1959ஆம் ஆண்டின் அனுதாபத் தொகை ஒப்பந்தமும் செல்லாதென அறிவிக்கப்பட்டது. இவ்வெற்றி நோயாளிகளின் போராட்டத்தாலும், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், ஆய்வாளர்கள் ஆகியோரின் உழைப்பாலும் கிடைத்ததாகும். ஒளிப்படங்கள் நேரடிச் சட்டச் சான்றாக அமைவதைக் காட்டிலும், நோயாளிகளுக்கு ஆதரவான பொதுக்கருத்தை ஜப்பானிலும் வெளிநாடுகளிலும் உருவாக்குவதில் பங்காற்றின.

மினமாட்டா விரிகுடாவில் படிந்த பாதரசச் சேறு 1977 முதல் 1990 வரை அகற்றப்பட்டும் மூடப்பட்டும், 58 எக்டேர் பரப்பில் புதிய நிலம் உருவாக்கப்பட்டது. இது இப்பொழுது பூங்காவாக உள்ளது. விரிகுடாவின் மீன்கள் பாதுகாப்பானவை என 1997இல் மாகாண ஆளுநர் அறிவித்தார். 2004இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம், நோய் பரவுவதைத் தடுக்கத் தவறியதில் மைய அரசுக்கும் குமமோட்டோ மாகாணத்துக்கும் பொறுப்பு உண்டு எனத் தீர்ப்பளித்தது.

பாதரசப் பயன்பாட்டையும் வெளியேற்றத்தையும் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2013 அக்டோபரில் குமமோட்டோவில் ஏற்கப்பட்டது. மினமாட்டா உடன்படிக்கை எனப் பெயரிடப்பட்ட இது 2017 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2017இலும் இந்தியா 2018இலும் இதற்கு ஏற்புறுதி அளித்தன.

வரம்புகளும் திறனாய்வும்

மினமாட்டா ஒளிப்படங்கள் மாசின் மிகக் கடுமையான விளைவுகளையே உலகுக்குக் காட்டின. வளைந்த கைகளும் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகளின் உடல்களும் மினமாட்டா நோயின் அடையாளங்களாக மக்கள் மனத்தில் பதிந்தன. ஆனால் நோயாளிகளில் மிகப் பலருக்கு இருந்தவை கைகால் மரத்துப்போதல், பார்வைப் பரப்பு சுருங்குதல், காது கேளாமை, நடை தடுமாற்றம், தலைவலி போன்ற வெளியில் எளிதாகத் தெரியாத குறைகளாகும். விரல் நுனியின் உணர்ச்சியின்மையை எந்தப் படமும் காட்ட இயலாது. தோற்றத்தில் நலமாக இருந்தோர், இழப்பீட்டுக்காக நடிப்பவர்கள் என்ற பழிச்சொல்லுக்கு ஆளாயினர்.

அரசின் விதிகளும் இதையொத்த போக்கிலேயே இருந்தன. 1977இல் வகுக்கப்பட்ட அளவுகோல், ஒருவரை நோயாளியாக ஏற்பதற்குப் பல அறிகுறிகள் சேர்ந்திருக்க வேண்டும் எனக் கோரியது. உணர்ச்சிக் குறைபாடு மட்டும் உள்ளோரையும் நோயாளிகளாக ஏற்க இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது. குமமோட்டோ, ககோஷிமா ஆகிய இரு மாகாணங்களிலும் அலுவல்முறையாக ஏற்கப்பட்ட நோயாளிகள் ஏறத்தாழ 2,280 பேர் மட்டுமே. ஆனால் 1995ஆம் ஆண்டின் அரசியல் தீர்வு, 2009ஆம் ஆண்டின் சிறப்புச் சட்டம் ஆகியவற்றின் கீழ் உதவி கோரியோர் பல்லாயிரவர். 2023 செப்டம்பரில் ஒசாக்கா மாவட்ட நீதிமன்றம், அவ்வுதவி கிடைக்காத 128 பேரை மினமாட்டா நோயாளிகளாக ஏற்றுத் தீர்ப்பளித்தது.

படம் எடுக்கப்பட்டவர்களின் இசைவு பற்றிய வினாவும் எழுப்பப்படுகிறது. பேச இயலாத ஒருவரின் சார்பில் யார் இசைவளிப்பது, ஒரு காலத்தில் அளித்த இசைவு எக்காலத்துக்கும் பொருந்துமா, படத்தின் புகழ் அக்குடும்பத்துக்கு ஊரில் என்ன நிலையை உண்டாக்குகிறது என்பன போன்றவை ஒளிப்பட இதழியல் அறநெறி குறித்த விவாதங்களில் இடம்பெறும் வினாக்களாகும்.

மாசையே காட்டும் பிற்கால முயற்சிகள்

மினமாட்டாவில் நஞ்சின் விளைவைக் கொண்டே நஞ்சைக் காட்ட வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அளவீட்டுக் கருவிகளின் வளர்ச்சியால், கண்ணுக்குத் தெரியாத மாசையே படத்தில் தோன்றச் செய்யும் முயற்சிகள் நடைபெற்றன. மீத்தேன் போன்ற நிறமற்ற வளிமங்கள் கசிவதை அகச்சிவப்பு ஒளிப்படக்கருவிகள் புகைபோலக் காட்டுகின்றன.

'ஆந்த்ரபோசீன் காலத்துக் காற்று' என்னும் பொருள்படும் பெயருடைய திட்டத்தில், கலைஞர் ராபின் பிரைசும் பர்மிங்காம் பல்கலைக்கழக அறிவியலாளர் பிரான்சிசு போப்பும் காற்றிலுள்ள நுண்துகள்களை ஒளிப்புள்ளிகளாக மாற்றிக் காட்டினர். நுண்துகள் உணரியுடன் இணைக்கப்பட்ட மின்விளக்குகளை ஏந்தி ஒருவர் இரவில் காட்சிக்குக் குறுக்கே நடந்து செல்ல, ஒளிப்படக்கருவியின் மூடி நெடுநேரம் திறந்து வைக்கப்படும். துகள்களின் செறிவு கூடுமிடத்தில் புள்ளிகளும் கூடும். இந்தியா, எத்தியோப்பியா, ஐக்கிய இராச்சியம் ஆகிய நாடுகளில் இவ்வாறு படங்கள் எடுக்கப்பட்டன. தில்லியிலும் இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூரிலும் உள்ள சிறுவர் விளையாட்டிடங்கள் இரண்டின் படங்கள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. பாலம்பூரில் அளவிடப்பட்டதைப் போல 12.5 மடங்கு நுண்துகள்கள் தில்லியில் இருந்தன. இது தொடர்பான ஆய்வுக் கட்டுரை 2024இல் வெளியானது.

இவ்விரு முறைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. அளவீட்டுப் படங்கள் மாசு எங்கே, எவ்வளவு உள்ளது என்று காட்டுகின்றன. அம்மாசுடன் வாழ்பவர் யார், அவர்கள் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிய மினமாட்டாவில் செய்யப்பட்டதுபோல் அண்டையில் வாழ்ந்து, இசைவு பெற்று, காத்திருந்து எடுக்கும் படங்களே தேவைப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

மினமாட்டா நோய்
பாதரச நஞ்சேற்றம்
உயிரியல் உருப்பெருக்கம்
ஒளிப்பட இதழியல்
மினமாட்டா உடன்படிக்கை